நெடிய ஆங்கிலச் சொல்லை எங்கே வெட்டுவது, எங்கே அழுத்துவது

சென்னையில் உட்கார்ந்துகொண்டு இலண்டனிலும் நியூயார்க்கிலும் வெளியாகும் ஆய்விதழ்களுக்குப் பக்கம் கட்டும் தொழிலில் பல ஆண்டுகளைக் கழித்தவன் நான். டைப்செட்டிங் என்றால் வீட்டில் யாருக்கும் விளங்காது. "இங்கிலீஷ் புத்தகத்தை அச்சுக்குத் தயார் பண்றான்" என்று அம்மா உறவினர்களிடம் சொல்லிச் சமாளிப்பார். அந்த வேலையில், ஓர் ஆங்கிலச் சொல்லை வரியின் முடிவில் எங்கே ஒடிக்கலாம், எங்கே ஒடிக்கக் கூடாது என்பது அன்றாடப் பாடம். ஆயிரக்கணக்கான சொற்களை இப்படிக் கண்ணால் வெட்டிப் பழகிய எனக்கு, அதே சொற்களை வாயால் சொல்லும்போது எந்த அசையை அழுத்த வேண்டும் என்பது நெடுங்காலம் தெரியாமலே இருந்தது.

தெரியவந்தது ஒரு தொலைபேசி அழைப்பில். ஒரு நூலின் இறுதிப் புரூஃப் போக வேண்டிய நாள் அது. ஆறாம் அத்தியாயத்தின் நூற்பட்டியல் மட்டும் எங்களுக்கு வந்து சேரவில்லை. இலண்டனில் இருந்த தயாரிப்பு ஆசிரியரை அழைத்து, ஆறாம் அத்தியாயத்தின் பிப்லியோகிராஃபி வரவில்லை என்றேன். நம் ஊரில் எல்லோரும் சொல்வதைப் போல "கிரா" என்ற இடத்தில் நன்றாக ஊன்றித்தான் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, "எந்த கிராஃபிக்?" என்று கேட்டார். புரியவில்லை போலும் என்று நினைத்து, அதே சொல்லை அதே தவறோடு இன்னும் உரக்கச் சொன்னேன். அரை மணி நேரத்தில், ஆறாம் அத்தியாயத்தின் படக்கோப்புகள் அனைத்தும் இரண்டாம் முறையாக மின்னஞ்சலில் வந்து இறங்கின. நூற்பட்டியல் மறுநாள்தான் வந்தது. அதுவும் எழுதிக் கேட்ட பிறகு.

மேலே போவதற்கு முன் ஒரு குறியீட்டைச் சொல்லிவிடுகிறேன். உச்சரிப்பு அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேற்புறமாக ஒரு சிறு கோடு இருக்கும். நானும் அந்த வழக்கப்படி, அசைகளைச் சிறு கோட்டால் பிரித்து, அழுத்தம் பெறும் அசைக்கு முன்னால் ஒற்றைக் குறி இடுகிறேன். நான் சொன்னது பிப்-லி-யோ-'கிரா-ஃபி. அவர் காது எதிர்பார்த்தது பிப்-லி-'ஆ-க்ர-ஃபி. நான் ஊன்றிய அசை, ஆங்கிலேயர் ஏறத்தாழ விழுங்கிவிடும் அசை. அவர்கள் ஊன்றும் அசையை நான் போகிற போக்கில் கடந்திருக்கிறேன். சொல்லின் எல்லா எழுத்துகளையும் ஒன்றுவிடாமல் ஒலித்தும், சொல் போய்ச் சேரவில்லை.

எங்கள் அலுவலகத்தில் பிழை திருத்தும் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். ஆசிரியராக ஓய்வு பெற்று வந்தவர் என்பதால் எல்லோரும் அவரை "சார்" என்றே அழைப்போம். படக்கோப்புக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "தம்பி, வாலைப் பாருங்க. தலையை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அன்று மாலை, கழித்துப் போட்ட புரூஃப் தாள் ஒன்றின் பின்புறத்தில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று சொற்களை எழுதிக் காட்டினார். ஃபோட்டோகிராஃப் என்பது 'ஃபோ-ட-க்ராஃப். அதனுடன் ஒரு 'இ' ஒலி சேர்ந்து ஃபோட்டோகிராஃபி ஆனால் ஃப-'டா-க்ர-ஃபி. 'இக்' சேர்ந்தால் ஃபோ-ட-'க்ரா-ஃபிக். வேர் ஒன்றுதான், ஆனால் முதற்சொல்லில் முதலசையிலும், அடுத்ததில் இரண்டாம் அசையிலும், கடைசியில் மூன்றாம் அசையிலும் அழுத்தம் போய் உட்காருகிறது. அழுத்தம் போன இடத்தில் உயிரொலி முழுமை பெறுகிறது. அழுத்தம் விலகிய இடத்தில் அதே உயிரொலி மங்கி, 'அ' என்றும் சொல்ல முடியாத, 'எ' என்றும் சொல்ல முடியாத ஒரு முணுமுணுப்பாகிவிடுகிறது. மொழியியலார் அந்த முணுமுணுப்பை ஷ்வா என்பார்கள். ஆங்கிலப் பேச்சில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான். அதற்கென்று ஆங்கில நெடுங்கணக்கில் ஓர் எழுத்து கிடையாது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வேடிக்கையாக இருக்கும்.

தமிழ் பேசுகிறவருக்கு இது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நமக்கு விகுதியும் உருபும் புதியவை அல்ல. ஆங்கிலத்தைவிட நம்மிடம்தான் அவை அதிகம். கண், கண்ணில், கண்களில், கண்களிலிருந்து, கண்களிலிருந்துதானே என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால், எத்தனை அடுக்கினாலும் தலையில் இருக்கும் "கண்" அசையாது. அதன் ஒலி குன்றாது. பின்னால் வருபவை வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. குறுக்கம் என்பதும் நமக்குத் தெரியாததன்று. குற்றியலுகரம் அரை மாத்திரையாகக் குறைகிறது என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆனால் அந்தக் குறுக்கத்தை, எழுத்து சொல்லில் நிற்கும் இடமும் அதற்கு முன் நிற்கும் எழுத்தும் தீர்மானிக்கின்றன. வேறோர் அசை அழுத்தத்தைப் பறித்துக்கொண்டதால் அது குறைவதில்லை. ஆகவே ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் நம் வாய் தலையை இறுகப் பிடித்துக்கொண்டு, மற்ற அசைகளுக்கெல்லாம் எழுத்தில் கண்டபடி முழு மாத்திரை கொடுத்துவிடுகிறது.

அசை என்ற சொல்லைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். யாப்பிலக்கணத்தில் "மலர்" என்பது நிரையசை. அங்கே அது ஓர் அசைதான். பேச்சொலியைக் கொண்டு எண்ணினால் ம, லர் என இரண்டு துடிப்புகள். நான் இந்தக் கட்டுரையில் இரண்டாவது பொருளில்தான் அசை என்கிறேன். வெண்பா எழுதுகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இனி வால்களுக்கு, அதாவது சொல்லின் இறுதியில் ஒட்டும் பின்னொட்டுகளுக்கு, வருவோம். எல்லா வாலும் அழுத்தத்தை இழுப்பதில்லை. நெஸ், லெஸ், ஃபுல், லி, ஹுட், ஷிப் போன்றவை, எனக்குத் தெரிந்தவரை, பரம சாதுக்கள். இவை ஆங்கிலத்தின் பழைய ஜெர்மானிய அடுக்கிலிருந்து வந்தவை. நம் வேற்றுமை உருபுகளைப் போலவே வேரைத் தொந்தரவு செய்யாமல் பின்னால் ஒட்டிக்கொள்பவை. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னர் நேரடியாக இலத்தீன் கிரேக்க நூல்கள் வழியாகவும் வந்து சேர்ந்த இக், இட்டி, ஷன், இயன், இயஸ் முதலிய வால்கள்தான் அழுத்தத்தைத் தம் பக்கம் இழுப்பவை. இரண்டு அடுக்குகளையும் ஒரே பொருளில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். தந்தையைக் குறிக்கும் பழைய சொல் 'ஃபா-தர். அதிலிருந்து 'ஃபா-தர்-லி, 'ஃபா-தர்-லி-னஸ். வால் வளர்ந்தும் தலை நகரவில்லை. அதே பொருளை இலத்தீன் வழியில் சொன்னால் ப-'டர்-னல். அது வளர்ந்து ப-டர்-ன-'லிஸ்-டிக் ஆகும்போது அழுத்தம் இரண்டசை தள்ளி ஓடியிருக்கிறது. இதைவிட நெருக்கமான சோடி ஒன்றும் உண்டு. ப்ர-'டக்-டிவ் என்ற சொல்லோடு நெஸ் சேர்த்தால் ப்ர-'டக்-டிவ்-னஸ். இட்டி சேர்த்தால் ப்ரா-டக்-'டி-வி-டி. இரண்டுக்கும் பொருள் ஏறத்தாழ ஒன்றே. ஒரே வேரில் ஒரு வால் சும்மா இருக்கிறது, மற்றொன்று வேரையே உலுக்குகிறது.

எந்த வால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. இக், ஷன், இயன் என்று முடிந்தால் அந்த வாலுக்கு ஒட்டி முன்னால் உள்ள அசையில் அழுத்தம் விழும்: இ-'கா-ன-மி என்பது ஈ-க-'நா-மிக் ஆவதும், 'லைப்-ர-ரி என்பது லைப்-'ரே-ரி-யன் ஆவதும் அப்படித்தான். இட்டி, கிராஃபி, லஜி என்று முடிந்தால் கடைசியிலிருந்து மூன்றாவது அசை. இயர், ஈஸ் போன்ற சில வால்கள் அழுத்தத்தைத் தாமே வைத்துக்கொள்ளும். எஞ்-ஜி-'னியர், ஜா-ப-'னீஸ் என்று சொல்லிப் பார்த்தால் தெரியும். நம் ஊரில் பொறியாளர் எல்லோரும் முதலசையில்தான் அழுத்திச் சொல்கிறார்கள். சென்னைக்குள் அதனால் யாருக்கும் நட்டமில்லை.

விதி என்றால் விலக்கும் உண்டு. அரபு மொழியைக் குறிக்கும் 'ஆ-ர-பிக், மதத்தைக் குறிக்கும் 'கா-த-லிக், பைத்தியக்காரரைக் குறிக்கும் 'லூ-ந-டிக், சொல்லாட்சிக் கலையைக் குறிக்கும் 'ரெ-ட-ரிக் ஆகியவை இக் என்று முடிந்தும் அந்த விதிக்குக் கட்டுப்படாதவை. கணக்குப் பாடத்தைக் குறிக்கும் சொல் பெயராக வரும்போது அ-'ரித்-ம-டிக். அடைமொழியாக வரும்போது ஆ-ரித்-'மெ-டிக். எத்தனையோ கணித இதழ்களுக்குப் பக்கம் கட்டியும், இந்த வேறுபாடு இருப்பதே எனக்குச் சார் சொல்லித்தான் தெரிந்தது. எழுத்தில் இரண்டும் ஒன்றுதானே.

ஆங்கில அழுத்தம் மனப்பாடத்தால் மட்டும் வருவதன்று, பெரும்பகுதியை விதிகளால் வருவிக்க முடியும் என்று மொழியியலாளர்கள் நோம் சாம்ஸ்கியும் மோரிஸ் ஹாலேயும் 1968-இல் விரிவாக எழுதினார்கள். 1974-இல் டாரதி சீகல் தம் ஆய்வேட்டில், உலுக்கும் வால்கள் வேருக்கு அருகிலும், சாதுவான வால்கள் அவற்றுக்கு வெளியிலும் ஒட்டும் என்ற ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார். லெஸ் என்ற சாது வந்த பிறகு நெஸ் வரலாம். எனவே ஹோப்லஸ்னஸ் உண்டு. ஆனால் லெஸ்ஸுக்குப் பின்னால் இட்டி வராது. ஹோப்லஸிட்டி என்று ஒரு சொல் இல்லை. கேட்பதற்கு அழகான விதி. ஆனாலும், எங்கள் தொழிலில் நாள்தோறும் புழங்கும் ரீடபிலிட்டி என்ற சொல் அதற்கு இடிக்கிறது. படித்தலைக் குறிக்கும் பழைய ஆங்கில வேரோடு ஏபிள் சேர்ந்து 'ரீ-ட-பிள் ஆகிறது. அதுவரை அழுத்தம் நகரவில்லை. சாதுவைப் போல நடந்துகொண்ட அந்த ஏபிளுக்கு மேல் இட்டி வந்து உட்கார்ந்ததும், ரீ-ட-'பி-லி-டி என்று மொத்தமும் புரண்டுவிடுகிறது. ஏபிளே இரட்டை வேடக்காரர்தான். அட்-'மை-யர் என்ற வினையோடு சேர்ந்தால் அது 'ஆட்-ம-ர-பிள் என்று அழுத்தத்தைத் தலைக்கு அனுப்பிவிடும்.

வால் அழுத்தத்தை நகர்த்தாமல் உயிரொலியை மட்டும் மாற்றுவதும் உண்டு. நாம் சர்ட்டிபிகேட் என்று "கேட்"டை முழுதாகச் சொல்கிறோம்; ஆங்கிலப் பெயர்ச்சொல்லில் அது ஸ-'டி-ஃபி-கட், கடைசி அசை வெறும் முணுமுணுப்பு. பட்டதாரியைக் குறிக்கும்போது 'க்ரா-ஜு-அட். பட்டம் பெறுதல் என்ற வினையாக வரும்போது 'க்ரா-ஜு-ஏட். எழுத்து மாறவில்லை, அழுத்தமும் மாறவில்லை; வாலின் உயிரொலிதான் பெயரா வினையா என்று சொல்கிறது. நம் கல்லூரிகளில் இரண்டுக்கும் "ஏட்"தான்.

முன்னொட்டுகளின் கதை வேறு. அவை பெரும்பாலும் அழுத்தத்தைக் கேட்டு வாங்குவதில்லை. ஆனால் வேரோடு எவ்வளவு கலந்துவிட்டன என்பதை ஒலியில் காட்டிக்கொடுத்துவிடும். வேலையை விடுதல் ரி-'ஸைன்; அதில் 'ஸை' என்று நான் எழுதியிருப்பது உண்மையில் தேனீ ரீங்கரிப்பதைப் போன்ற அதிரும் ஒலி. ஒப்பந்தத்தில் மறுபடியும் கையெழுத்திடுதல் ரீ-'சைன். இங்கே ரீ நெடிலாக நிற்கிறது, அடுத்த ஒலியில் அதிர்வு இல்லை. கால்பந்து ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றிய செய்தியில் இந்த இரண்டையும் மாற்றிச் சொன்னால் ஆள் கழகத்தில் இருக்கிறாரா போய்விட்டாரா என்பதே தலைகீழாகிவிடும். அதனால்தான் இரண்டாவதை எழுதும்போது நடுவில் ஹைஃபன் இடுகிறார்கள். எங்கள் புரூஃப்களில் அந்த ஹைஃபனைத் தேவையற்றது என்று நினைத்து நீக்கிவிட்டுத் திட்டு வாங்கியவர்கள் உண்டு.

இதைவிட நுட்பமான ஒன்றைச் சார் என் கையாலேயே காட்டினார். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டு, தவறு என்ற பொருளில் வரும் மிஸ்டேக் என்ற சொல்லையும், நேரம் தவறிச் செய்தல் என்ற பொருளில் வரும் மிஸ்டைம் என்ற சொல்லையும், பதிவு செய்யப்பட்ட ஆங்கிலேயர் குரலைப் பின்பற்றி மாற்றி மாற்றிச் சொல்லச் சொன்னார். இரண்டிலும் மிஸ் என்ற முன்னொட்டு இருக்கிறது. மிஸ்டைமில் 'டை' வரும்போது உள்ளங்கையில் காற்று மோத வேண்டும். மிஸ்டேக்கில் 'டே' வரும்போது மோதக் கூடாது. சகரத்தை அடுத்து ஒரே அசையில் வரும் டகரத்துக்கு ஆங்கிலத்தில் அந்தக் காற்று கிடையாது. அப்படியானால் மிஸ்டேக்கை ஆங்கிலேயர் வாய் மி-'ஸ்டேக் என்று வெட்டுகிறது. அதில் முன்னொட்டு இருப்பதை மறந்தே விட்டது. மிஸ்டைமை மிஸ்-'டைம் என்று, முன்னொட்டை இன்னும் நினைவில் வைத்துக்கொண்டு வெட்டுகிறது. இலக்கணப் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு சொல்லுக்கும் ஒரே பகுப்புத்தான் இருக்கும். தமிழில் இப்படி மூச்சு விடும் டகரமும் விடாத டகரமும் தனித்தனியாக இல்லை என்பதால், என் உள்ளங்கைக்கு இரண்டு வாரப் பயிற்சி தேவைப்பட்டது.

பொருளால் பகுப்பது ஒரு வெட்டு, ஒலியால் பகுப்பது இன்னொரு வெட்டு என்பது அங்கேதான் எனக்கு உறைத்தது. வேரும் ஒட்டும் எங்கே சந்திக்கின்றனவோ அங்கேதான் அசையும் பிரியும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் பிப்லியோகிராஃபி கெட்டதற்கும் காரணம் அதுவே. பிப்லியோ ஒரு துண்டு, கிராஃபி ஒரு துண்டு என்று பொருளின்படி வெட்டி, இரண்டாம் துண்டின் தலையில் ஊன்றினேன். வாயோ இரண்டு துண்டையும் தைத்து, முதல் துண்டின் கடைசி உயிரான 'ஓ' இருந்த இடத்தையே உச்சியாக்கிக்கொள்கிறது.

இத்தனைக்கும், நான் சம்பளம் வாங்கிய வெட்டு இவை இரண்டும் அல்லாத மூன்றாவது. அது கண்ணுக்கான வெட்டு. தமிழில் வரியின் முடிவில் இடம் போதாவிட்டால், அடுத்த வரி புள்ளியெழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொண்டு, எங்கே வேண்டுமானாலும் ஒடித்துக்கொள்கிறோம், ஹைஃபன்கூட இடுவதில்லை. ஆங்கிலத்தில் அது நடக்காது. குற்றவியல் சட்ட இதழ் ஒன்றில், கொலைக்குற்ற வகை ஒன்றைக் குறிக்கும் மேன்ஸ்லாட்டர் என்ற சொல்லை ஓர் எழுத்து தள்ளி ஒடித்துவிட்டால், அடுத்த வரியின் தொடக்கத்தில் "லாஃப்டர்", அதாவது சிரிப்பு, வந்து நிற்கும். இப்படிப்பட்டதை நாங்கள் பேட் பிரேக் என்போம். ஒரு பக்கத்தில் இரண்டு பேட் பிரேக் இருந்தால் புரூஃப் சிவப்பு மையோடு திரும்பி வரும்.

இந்த வெட்டிலும் இரு நாட்டாருக்கும் ஒற்றுமை இருந்ததில்லை. பிரிட்டிஷ் மரபு சொல்லின் பிறப்பைப் பார்த்து ஒடிப்பது. அமெரிக்க மரபு ஒலியைப் பார்த்து ஒடிப்பது. அறிவைக் குறிக்கும் நாலெட்ஜ் என்ற சொல்லைப் பழைய பிரிட்டிஷ் அச்சுக்கூடம் "நோ" என்ற வினை முடியும் இடத்தில் ஒடித்தது. அமெரிக்க அச்சுக்கூடம் லகரத்தையும் முதல் வரியிலேயே வைத்து "நால்" என்று ஒடித்தது. அமெரிக்க வழக்கத்துக்கு வலுச் சேர்த்தவர்களில் ஒருவர் நோவா வெப்ஸ்டர். 1783-இல் வெளியிட்ட தம் எழுத்துக்கூட்டல் புத்தகத்தில், ஹா-பிட், பி-ஷப் என்று பிரித்துக் காட்டிய பழைய பாடமுறையை விட்டுவிட்டு, குழந்தை சொல்லும்போது காதில் எப்படி விழுகிறதோ அப்படியே ஹாப்-இட், பிஷ்-அப் என்று பிரித்தார். ஷன் என்று முடியும் சொற்களின் வாலை டி, ஆன் என்று இரண்டு அசையாகக் கற்பித்து வந்ததையும் மாற்றி ஓரசையாக்கினார். என் பார்வையில் வெப்ஸ்டர் செய்ததே சரி. ஒடித்த முதல் துண்டைப் படிக்கும்போதே மீதியை எப்படி ஒலிப்பது என்று வாசகர் ஊகிக்க முடிய வேண்டும். வேர் எந்த மொழியிலிருந்து வந்தது என்பது அந்த நொடியில் அவருக்கு எதற்கு?

பிறகு இந்த வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது. டொனால்ட் நூத் உருவாக்கிய டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலுக்காக, ஸ்டான்ஃபோர்டில் அவருடைய மாணவர் ஃபிராங்க் லியாங் 1983-இல் முடித்த ஆய்வேடுதான் இன்றைய பல நிரல்களின் ஒடிப்புக்கும் அடிப்படை. சொற்களை முழுமையாகப் பட்டியலிடாமல், சிறுசிறு எழுத்துத் தொடர்களை வைத்தே எங்கே ஒடிக்கலாம் என்று அது கணிக்கிறது. ஆங்கிலத்துக்கு அத்தகைய தொடர்கள் 4,447. அவற்றுக்கு அடங்காதவை என்று 14 சொற்கள் கொண்ட சிறு விலக்குப் பட்டியலும் கூடவே இருக்கிறது. அதில் பிரசன்ட், பிராஜெக்ட் ஆகிய இரண்டும் எங்குமே ஒடிக்காமல் முழுதாக நிற்பதை முதலில் பார்த்தபோது எனக்குக் காரணம் புரியவில்லை. பெயராக வந்தால் 'ப்ரெஸ்-அன்ட், வினையாக வந்தால் ப்ரி-'ஸென்ட். அழுத்தம் மாறினால் ஒடிக்கும் இடமும் மாறும். எழுத்தை மட்டும் பார்க்கும் நிரலுக்கு இது பெயரா வினையா என்று தெரியாது. எனவே கைவைக்காமல் விட்டுவிட்டார்கள். அழுத்தத்துக்கும் ஒடிப்புக்கும் உறவு உண்டு என்பதை எனக்கு ஒரு நிரலின் விலக்குப் பட்டியலும் உறுதிப்படுத்தியது என்பதில் எனக்குச் சிறு வெட்கம்தான்.

தமிழ்க் கணிமை நண்பர்கள் "ஐ-18-என்" என்று சுருக்கி எழுதும் சொல்லில் இவை அனைத்தும் ஒருசேர வருகின்றன. இன்டர்நேஷனலைசேஷன் என்ற அந்தச் சொல்லுக்கு 20 எழுத்துகள்; முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 18 இருப்பதால் அந்தச் சுருக்கம். வேர் 'நே-ஷன். அதனோடு அல் சேர்ந்ததும் அழுத்தம் நகரவில்லை, ஆனால் நெடில் சுருங்கி 'நா-ஷ-னல் ஆகிறது (தமிழில் எழுத வேறு வழியில்லாததால் 'நா' என்கிறேன்; உண்மையில் அது குறுகிய ஒலி). நம்மவர் விடாமல் "நேஷனல்" என்பது இந்தச் சுருக்கத்தைக் கவனியாததால்தான். முன்னால் இன்டர் வந்து சேரும்போது அதற்கும் ஒரு சிறிய துணையழுத்தம் கிடைக்கிறது. தலைமை இன்னும் 'நா'விடம்தான். அடுத்து ஐஸ் வருகிறது, சாது, எதுவும் நகரவில்லை. கடைசியாக ஏஷன் வந்ததும், இன்-ட-நா-ஷ-ன-லை-'ஸே-ஷன் என்று தலைமை வால்பக்கம் போய்விடுகிறது. அதுவரை முதன்மையாக இருந்த 'நா' துணையழுத்தத்தோடு திருப்தி அடைய வேண்டியதுதான். எட்டசைச் சொல்லை வாலிலிருந்து பின்னோக்கிப் படித்துப் பழகினால் மூன்றே நாளில் நாக்கு வழிக்கு வந்துவிடும். ஷன், 'ஸே-ஷன், லை-'ஸே-ஷன் என்று ஒவ்வோர் அசையாகத் தலைப்பக்கம் கூட்டிக்கொண்டே போவது சார் கற்றுக்கொடுத்த முறை. முன்னிருந்து படித்தால், நான்காவது அசையிலேயே மூச்சும் கவனமும் தீர்ந்து, கடைசி அசைகளில் தோராயமாக ஏதோ ஒன்றை முணுமுணுப்போம்.

சில ஆண்டுகள் கழித்து, அதே இலண்டன் ஆசிரியரோடு பேசும்போது பிப்-லி-'ஆ-க்ர-ஃபி என்று சரியாகச் சொன்னேன். அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. அதே உரையாடலில் சர்ச்சை என்ற பொருளில் வரும் சொல்லை அவர் கன்-'ட்ரா-வ-ஸி என்றார். 'கான்-ட்ர-வ-ஸி என்பதுதான் சரி என்று சார் எனக்குச் சொல்லியிருந்தார். உச்சரிப்பு அகராதியைப் புரட்டினேன், இரண்டும் இருந்தன. அழுத்தம் போகும் இடத்துக்கேற்ப ஒலியசையும் மாறுவதால், எங்கே ஒடிப்பது என்பதிலும் ஐயம் வந்துவிட்டது. அன்று மாலை கட்டிக்கொண்டிருந்த பக்கத்தில் அந்தச் சொல் சரியாக வரியின் விளிம்பில் வந்து நின்றது. ஒடிக்காமல், சொல் முழுவதையும் அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டு, மேல் வரியின் இடைவெளிகளைச் சற்றே தளர்த்தினேன்.